அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது: வெளிநாட்டு ஆங்கில ஆசிரியரின் சான்றிதழ் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1912 ஏப்ரலில் இத்தாலியின் பதுவா நகரில் ஆங்கில ஆசிரியர்களுக்கான அரசுத் தகுதித் தேர்வு நடந்தது. அதை எழுத திரியஸ்தேயிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயது 30. டப்ளினில் 1902இல் பட்டம் பெற்றவர். 1904 கடைசியில் போலா நகரத்து பெர்லிட்ஸ் பள்ளியில் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, அடுத்த வருடம் திரியஸ்தேவுக்கு மாறி, இடையில் ரோமில் ஒரு வங்கியில் கொஞ்சகாலம் குமாஸ்தா வேலை பார்த்து, மறுபடி திரியஸ்தேவுக்கே திரும்பி டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். அரசுப் பள்ளியில் நிலையான சம்பளம் வேண்டும், அதற்காகத்தான் தேர்வு. இத்தாலிய மறுமலர்ச்சி பற்றி இத்தாலிய மொழியிலும், சார்லஸ் டிக்கன்ஸ் பற்றி ஆங்கிலத்திலும் கட்டுரை எழுதினார். 450க்கு 421 மதிப்பெண். ஆனால் அவருடைய டப்ளின் பட்டத்தை இத்தாலியப் பட்டத்துக்கு நிகராக ஏற்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேலை கிடைக்கவில்லை.

அவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். நம் சிறுபத்திரிகைகளில் ஜாய்ஸ் என்றால் நனவோடை, 'யுலிஸிஸ்', அதைப் படித்தவர் யார், படித்ததாகச் சொல்பவர் யார் என்ற பழைய சண்டை. டியூஷன் வாத்தியார் ஜாய்ஸை யாரும் பேசியதில்லை. வாழ்க்கை வரலாற்றாளர்களுக்கும் இந்தப் பதுவா விஷயம் மேதையின் வழியில் ஒரு சில்லறை இடைஞ்சல், அவ்வளவுதான். எனக்கு அது வேறொரு வரலாற்றின் ஆவணமாகப் படுகிறது. ஏழெட்டு வருடம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்த ஒருவர், அடுத்த படிக்கு ஏறுவதற்காக இன்னொரு தகுதியைத் தேடிப் போகிறார். அவருடைய ஆங்கிலத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. பாடம் நடத்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு அரசின் தாள் இன்னொரு அரசின் தாளுக்குச் சமமா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தது. இன்றைக்கும் மஸ்கட்டிலோ ரியாதிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்று கேட்கும்போது, அவர் இந்தப் பழைய கேள்விக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை ஏதோ தனிமனிதனின் பிழைப்புப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட நம்மில் பலருக்குத் தோன்றும். 'ஏகாதிபத்திய மொழியைக் கற்பிப்பவன் எந்த டிப்ளமோ வாங்கினால் நமக்கென்ன?' என்று ஒரு தோழர் கேட்கவும் செய்தார். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. மொழி பற்றி ஐம்பது வருடமாகப் பேசுகிற நாம், மொழியைக் கற்பிக்கும் உழைப்பைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம் என்பதுதான் என் பதில். அதைப் பேசணும்னா அந்த உழைப்புக்கு விலை வைக்கும் தாள்களின் வரலாற்றைப் பார்த்தே ஆகணும்.

ஜாய்ஸுக்கு முதலில் வேலை கொடுத்த பெர்லிட்ஸ் பள்ளிக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. 1878இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் மொழிப்பள்ளி தொடங்கி, பிரெஞ்சு கற்பிக்க நிக்கோலா ஜோலி என்பவரை நியமித்தார். பெர்லிட்ஸ் நோய்வாய்ப்பட்டார். ஜோலிக்கோ ஆங்கிலம் தெரியாது. பொருள்களைச் சுட்டிக்காட்டி, சைகை செய்து, முழுக்க பிரெஞ்சிலேயே பாடம் நடத்தினார். பெர்லிட்ஸ் திரும்பிவந்து பார்த்தபோது மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது கதை. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டே விழுங்க வேண்டும். ஆனால் அதிலிருந்து பிறந்த விதி கற்பனையல்ல. மாணவர் மொழி ஆசிரியருக்குத் தெரிய வேண்டியதில்லை. கற்பிக்கும் மொழி ஆசிரியருக்குத் தாய்மொழியாக இருந்தால் போதும். பிறப்பே தகுதியாகிவிடுகிறது. பிறப்பு தகுதியாகும்போது என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இதில் இன்னொரு விளைவும் உண்டு. பிறப்பால் மட்டுமே தகுதி பெற்ற ஆசிரியரை மலிவாக வாங்கலாம், நாளைக்கே இன்னொருவரை வைத்து மாற்றலாம். போலாவில் ஜாய்ஸ் அப்படித்தான் வாங்கப்பட்டார்.

பதுவாவுக்கு அடுத்த வருடம், 1913இல், கேம்பிரிட்ஜ் ஒரு புதிய ஆங்கிலத் தேர்வைத் தொடங்கியது. தங்கள் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் அந்நியர்கள், தங்கள் மொழியறிவை நிரூபித்துக்கொள்வதற்கான தேர்வு. 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், இலக்கியம், கட்டுரை, வாய்மொழித் தேர்வு என்று எல்லாம் உண்டு. முதல் வருடம் மூன்றே பேர் எழுதினார்கள். மூவரும் தோற்றார்கள். ஒரு பக்கம் நாக்கு ஒன்றே போதும் என்ற பிரிவினர், மறுபக்கம் 12 மணி நேரம் எழுதித் தோற்க வேண்டிய பிரிவினர். இந்தப் பிளவு ஆங்கிலம் கற்பித்தல் என்ற தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையே இந்தத் தொழிலுக்கு அறிவுத்துறை என்ற அந்தஸ்தைத் தேடித்தந்த மூவரைப் பாருங்கள். ஹெரால்டு பாமர் பல்கலைக்கழகப் பட்டமில்லாமல் பெல்ஜியத்தின் வெர்வியே ஊரில் பெர்லிட்ஸ் பாணிப் பள்ளியில் ஆரம்பித்து, 1922இல் டோக்கியோ போனவர். ஏ.எஸ். ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு இலக்கியம் கற்பிக்கப் போய் மொழி கற்பித்தலுக்குள் இறங்கியவர். நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி அவர் தலைமையில் உருவாகி 1942இல் முதலில் டோக்கியோவில்தான் அச்சானது. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வர். வங்காளச் சிறுவனுக்குப் பேச்சு ஆங்கிலத்தைவிட வாசிப்பு ஆங்கிலமே அவசரத் தேவை என்று 1926இல் புத்தகம் எழுதினார். அவருடைய வாதம் இன்றும் ஒதுக்கிவிட முடியாதது.

இந்த மூவரிடமும் ஆங்கிலத்தை அந்நியருக்குக் கற்பிப்பதற்கான சான்றிதழ் எதுவும் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் பின்னால் வந்த சான்றிதழ்களின் பாடத்திட்டமே இவர்களுடைய அனுபவம்தான். டாக்காவிலும் டோக்கியோவிலும் கிடைத்த வகுப்பறை அனுபவம் லண்டன் வழியாகப் போய்த் 'துறை' ஆனது. அதே டாக்காவில் வெஸ்ட் பார்த்த வகுப்புகளை நடத்திய வங்காள ஆசிரியர்களின் அனுபவம் அனுபவமாகவே நின்றுவிட்டது. பூர்தியு கலாச்சார மூலதனத்துக்கு மூன்று நிலைகள் சொல்வார்: உடம்பில் படிந்தது, பொருளில் இருப்பது, நிறுவனம் முத்திரையிட்டது. முதலாவதை மூன்றாவதாக மாற்றிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பூர்தியு இல்லாமலும் இதைச் சொல்லலாம். நம்மூர்க் கொத்தனாருக்கும் சிவில் டிப்ளமோக்காரருக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

போருக்குப் பிறகு அரசுகள் நேரடியாக இறங்கின. பிரிட்டிஷ் கவுன்சில் 1934இலேயே தோன்றிவிட்டது. எடின்பரோவில் 1957இல் பயன்முறை மொழியியலுக்கான பள்ளி, ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனம், உகாண்டாவின் மக்கரேரேயில் 1961இல் காமன்வெல்த் மாநாடு. ராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுதிய 'மொழி ஏகாதிபத்தியம்' நூல் மக்கரேரேயைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பி, தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், சீக்கிரம் தொடங்கு, அதிகம் கொடு, மற்ற மொழிகள் வந்தால் தரம் குறையும் என்று அந்த மாநாட்டிலிருந்து பரவிய ஐந்து நம்பிக்கைகளையும் ஐந்து பொய்கள் என்றார் பிலிப்சன். சான்றிதழ் வரலாற்றுக்கு இதில் இரண்டாவதுதான் முக்கியம். பெர்லிட்ஸின் வியாபார விதி இங்கே வல்லுநர் கருத்தாகப் பதவி உயர்வு பெறுகிறது.

மக்கரேரேவுக்கு முன்பே மதராஸில் ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பித்துவிட்டது. 1950களின் இறுதியில் தொடங்கிய அந்த ஆசிரியர் பயிற்சி இயக்கத்துக்கு வைக்கப்பட்ட செல்லப்பெயர் 'மதராஸ் பனிப்பந்து'. (பனியே விழாத ஊருக்கு இப்படி ஒரு பெயர்.) தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது திட்டம். முதலில் சிறு குழு பயிற்சி பெறும், அவர்கள் போய் அடுத்த வட்டத்துக்குப் பயிற்சி தருவார்கள், பந்து உருண்டு பெருக்கும். அமைப்பு முறை என்று சொல்லப்பட்ட வாக்கிய வாய்பாடுகளை மேலிருந்து கீழே கொண்டுபோகும் வழி இது. அந்த 27,000 பேரும் ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் தமிழ்நாட்டு வகுப்பறைகளை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். பனிப்பந்து உருளும் திசை ஒன்றுதான், அடியில் இருப்பவர்களிடமிருந்து மேலே ஒன்றும் ஏறாது. இன்றைக்கும் நம் பள்ளிக் கல்வித்துறைப் பயிற்சி முகாம்களில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுப்பாருங்கள், அதே பந்துதான்.

1965 மொழிப்போருக்குப் பிறகு, 1968இல் வந்த இருமொழிக் கொள்கையில் ஆங்கிலம் நமக்கு இந்திக்கு எதிரான கேடயமாக நின்றது. கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும் கைகள் பற்றி யோசிக்க அரசியல் இயக்கங்களுக்கு நேரமில்லை. பி.ஏ., பி.டி. படித்தவர்கள் எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள். கணவர் வேலைக்கு வந்த ஊரில் 'உள்ளூர் நியமனம்' என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த ஆசிரியைகளின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது.

இப்போது லண்டனுக்குப் போகலாம். ஜான் ஹேகிராஃப்ட் மனைவி பிரிட்டாவுடன் 1953இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் மொழிப்பள்ளி நடத்தியவர். 1959இல் லண்டனுக்கு வந்தார். 1962இல் ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். எத்தனை நாள்? இரண்டு வாரம். பட்டம் முடித்த இளைஞர்கள் ஒன்றிரண்டு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்க வேண்டும், பள்ளிகளுக்கு உடனடியாக ஆள் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சந்தித்த இடம் அது. அந்த வடிவம் பின்னர் நான்கு வாரமாகி, ஆர்.எஸ்.ஏ. என்ற கலைத்தொழில் கழகத்தின் சான்றிதழாகி, 1988இல் கேம்பிரிட்ஜ் கைக்குப் போய், 1996 முதல் 'செல்டா' என்ற பெயரில் உலகெங்கும் வியாபாரமானது. 120 மணி நேரப் பயிற்சி, அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் பாடம் நடத்த வேண்டும்.

நான்கு வாரத்தில் ஆசிரியரா என்று கேலி செய்வது சுலபம். நானும் செய்திருப்பேன், நம் பி.எட். ரெக்கார்டு நோட்டுகளைப் பார்க்காமல் இருந்திருந்தால். காசு கொடுத்து எழுதி வாங்கிய பாடத்திட்டங்கள், வண்ணத்தாள் ஒட்டிய கற்பித்தல் கருவிகள், தேர்வாளர் வரும் நாளில் மட்டும் நடக்கும் பாடம். அந்த ஆறு மணி நேரத்தில் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து, நீ எவ்வளவு நேரம் பேசினாய், மாணவன் எவ்வளவு நேரம் பேசினான், கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருந்தாய் என்று எழுதுகிறார். தேர்வு என்பது கண்காணிப்பும் தீர்ப்பும் ஒன்றுசேர்ந்த தொழில்நுட்பம் என்று ஃபூக்கோ சொன்னது இதற்கும் பொருந்தும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஆசிரியரின் வேலையை இன்னொரு ஆசிரியர் உட்கார்ந்து பார்ப்பது என்பது நம் கல்வியில் எவ்வளவு அரிதாக நடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ஃபூக்கோவைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடிப்படைச் சான்றிதழுக்கு மேல் இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று டிப்ளமோ. கேம்பிரிட்ஜின் 'டெல்டா' 2008இல் மூன்று தொகுதிகளாக மாற்றப்பட்டது: முதலாவது மொழி, கற்பித்தல் கோட்பாடு பற்றிய எழுத்துத் தேர்வு, இரண்டாவது வகுப்பறைப் பயிற்சியும் அதையொட்டிய ஆய்வுக்கட்டுரைகளும், மூன்றாவது ஒரு பாடநெறியை வடிவமைத்து எழுதும் நீண்ட கட்டுரை. டிரினிட்டிக் கல்லூரியும் இதற்கு இணையாக ஒரு டிப்ளமோ வைத்திருக்கிறது. பிரிட்டனின் தகுதி அட்டவணையில் டெல்டாவுக்கு ஏழாம் நிலை, அதாவது எம்.ஏ.வின் நிலை. மற்றது எடின்பரோ, லங்காஸ்டர், ரீடிங் வழியாக வந்த பயன்முறை மொழியியல் எம்.ஏ. பாதை. டிப்ளமோவை மொழிப்பள்ளிக்காரர்கள் படிக்கத் தெரிந்தவர்கள், எம்.ஏ.வைப் பல்கலைக்கழகங்களும் அமைச்சகங்களும் படிக்கத் தெரிந்தவை. அட்டவணையில் ஒரே நிலை என்றாலும், விசா கொடுக்கும் குமாஸ்தாவின் மேஜையில் அந்த அட்டவணை இருப்பதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் ஓமானில் 14 வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறார். அஞ்சல் வழியில் படித்த ஆங்கில எம்.ஏ., பிறகு பி.எட். போன வருடம் விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னார்: "தம்பி, நா பதினாலு வருசமா பாடம் நடத்துதேன். இப்ப எந்தக் காயிதத்த வாங்குனா இவனுவ நம்புவானுவ, அதச் சொல்லும்." அவர் வேலை பார்க்கும் இடத்தில் நான்கு வாரச் சான்றிதழோடு வந்த 24 வயதுப் பையனுக்கு, சரியான பாஸ்போர்ட் இருந்ததால், இவரைவிடச் சம்பளம் கூடுதல். அந்தப் பையன் மேல் அண்ணாச்சிக்குக் கோபமில்லை. "நல்ல பய. எங்கிட்ட வந்துதான் இலக்கணம் கேப்பான்."

அவர் முன்னால் இருந்த வழிகளை நாங்கள் இரண்டு ராத்திரி பேசினோம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகமொன்றில் தொலைவழி எம்.ஏ. படிக்கலாம். ஆனால் அவருடைய பழைய எம்.ஏ.வுக்கு வந்த சிக்கல் இதற்கும் வரும். தொலைவழிப் பட்டம் என்றாலே வளைகுடா அரசு அலுவலகங்களில் முகம் சுளிப்பார்கள். மாநில அரசு முத்திரை, வெளியுறவு அமைச்சக முத்திரை என்று எத்தனை முத்திரை குத்தினாலும், வகுப்பில் நேரில் உட்கார்ந்தாயா என்ற கேள்வி போகாது. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் நேரில் போய்ப் படிக்கலாம், அதற்கு ஊரில் கட்டி நிற்கும் வீட்டை விற்கணும். இந்தியாவில் பகுதிநேர பிஎச்.டி. பண்ணலாம், ஐந்தாறு வருடம் ஆகும், வழிகாட்டியின் தயவும் வேணும். டெல்டா எழுதலாம், வகுப்பறையில் அதற்கு மதிப்புண்டு, ஆனால் அமைச்சகத்துக்கு அது என்னவென்றே தெரியாமல் போகலாம்.

ஆலோசனைப் புத்தகங்கள் இதையெல்லாம் 'உங்கள் இலக்கு என்ன?' என்று ஒரே கேள்வியில் முடித்துவிடும். இலக்கு நம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கேள்வி அது. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் கேட்க வேண்டியது: இந்தத் தாளை யார் படிக்கப் போகிறார்கள்? வகுப்பை நடத்துகிறவரா, சம்பளப் பட்டியல் போடுகிறவரா, எல்லையில் முத்திரை குத்துகிறவரா? ஒரே தாளை மூவரும் மூன்று விதமாகப் படிப்பார்கள். அதைத் தீர்மானிக்காமல் ஏழாம் நிலை, எட்டாம் நிலை என்று கணக்குப் போடுவதில் பயனில்லை.

எந்தத் தாளும் திறக்காத கதவுகளும் உண்டு. தென்கொரியாவின் ஈ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பிக்க அதைப் பெற வேண்டுமானால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது விதி. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கும் ஒரு சிறு சந்து திறந்தது, உதவி ஆசிரியராக. ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் முதல் வருடம் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போனார்கள். ஏதோ ஒரு பட்டம் போதும், ஆசிரியர் பயிற்சி அவசியமில்லை. பெர்லிட்ஸின் 1878 விதி குடியேற்றச் சட்டமாகிவிட்டது.

டெசால் என்ற சர்வதேச ஆசிரியர் அமைப்பு, தாய்மொழியாளரா இல்லையா என்று பார்த்து வேலை கொடுப்பதை எதிர்த்து 1991இல் அறிக்கை விட்டது. அறிக்கை மட்டும் போதாது என்று அமைப்புக்குள்ளேயே தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களின் குழு 1998இல் உருவானது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த ஜார்ஜ் பிரைன். இலங்கையில் பல வருடம் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தோடு அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போனவர். படிக்கும்போதே மொழி மையத்தில் பயிற்றுநர் வேலை கேட்டார், உடனே மறுக்கப்பட்டது. கற்பித்த அனுபவமே இல்லாத வகுப்புத் தோழர்கள், ஆங்கிலத்தில் பிறந்தவர்கள் என்பதால், எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இதை அவரே எழுதிப் பதிவு செய்திருக்கிறார். மேல்தகுதியைத் தேடிப் போன இடத்திலேயே நடந்தது இது.

பிலிப்சனிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய ஏகாதிபத்தியத்தில் எல்லாம் மேலிருந்து வருகிறது, கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்ள மட்டும் செய்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் பத்து வருடம் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் எழுதிய நூல் இதைக் குறுக்கே வெட்டியது. போருக்கு நடுவில், தானமாக வந்த அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் அவருடைய மாணவர்கள் தமிழில் கிறுக்கிவைத்த குறிப்புகள், படங்கள், கோஷங்கள், சினிமா விஷயங்கள் எல்லாவற்றையும் அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அச்சிட்ட பாடம் ஒன்றைச் சொல்ல, ஓரம் வேறொன்றைச் சொன்னது. யாழ்ப்பாண வகுப்பறை அனுபவம் இப்படித்தான் ஆக்ஸ்போர்டு வெளியீடானது. அதற்குமுன் அவருக்கு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து முனைவர் பட்டம் தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

மதராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபுவின் கதையிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. பனிப்பந்து பரப்பிய அதே வாக்கிய வாய்பாடுகளின் போதாமையிலிருந்துதான் அவர் 1979இல் பெங்களூர்ப் பரிசோதனையைத் தொடங்கினார். பெங்களூர், மதராஸ் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், இலக்கணப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணையும் வரைபடமும் கணக்கும் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்து, அந்த யோசனையின் போக்கிலேயே மொழியை வளர்க்கப் பார்த்தார்கள். ஐந்து வருடம் நடந்தது. 1987இல் புத்தகமாக வந்தது. இன்றைக்கு எந்த டிப்ளமோவிலும் பணிவழிக் கற்பித்தல் என்று வரும் இடத்தில் பிரபுவின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1990இல் அவர் இன்னொரு கட்டுரையில் மிகச் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று கிடையாது என்றார்; தன் பாடம் எப்படி மாணவனிடம் வேலை செய்கிறது என்ற ஆசிரியரின் சொந்த உணர்வையே முதன்மைப்படுத்தினார். மதராஸ், லங்காஸ்டர், மிச்சிகன் என்று படித்துப் போன பி. குமாரவடிவேலு 1994இல் 'முறைக்குப் பின்னான நிலை' என்று எழுதியதும் இதன் தொடர்ச்சியாகப் படிக்கத்தக்கது. அனுபவத்துக்குக் கோட்பாட்டு மதிப்பு உண்டு என்று நிறுவியவர்களில் முக்கியமானவர்கள் நம் பக்கத்தவர்களாக இருப்பதும், அந்த மதிப்பை மதிப்பெண்ணாக மாற்ற நம் பக்கத்து ஆசிரியர் கேம்பிரிட்ஜுக்குக் கட்டணம் கட்டுவதும் ஒரே காலத்தில் நடக்கிறது.

அண்ணாச்சியிடம் நான் டெல்டாவையே எழுதச் சொன்னேன். சம்பளம் ஏறும் என்று சொல்லவில்லை, ஏறாமல் போகலாம் என்றுதான் சொன்னேன். அவர் இன்னும் பத்து வருடம் நிற்கப்போவது வகுப்பறையில். அவர் பாடத்தை ஒருவர் உட்கார்ந்து பார்க்கும்படி செய்வது அது ஒன்றுதான். விசா பயம் வந்தால் அப்போது பட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவர் மனைவி என் கட்சியில் இல்லை, காசை ஊர் வீட்டு மாடியில் போடச் சொன்னார். அவர் கணக்கிலும் தப்பில்லை.

வகுப்பறைத் தொகுதியில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் உச்சரிப்பு. அரபியில் உதடு மூடி அதிராமல் ஒலிக்கும் பகரம் கிடையாது, அதிரும் பகரம் மட்டும்தான். அதனால் அவருடைய மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் வண்டி நிறுத்துவதும் நாய் குரைப்பதும் ஒரே சொல்லாகிவிடும். தமிழில் இரண்டு ஒலிகளும் உண்டு, எழுத்து ஒன்றுதான். 'பஸ்' என்பதையும் 'பேப்பர்' என்பதையும் ஒரே பகரத்தில் எழுதிவிட்டுச் சரியாகவே படிக்கிறோம். இந்த வித்தியாசத்தை இந்தப் பக்கத்தில் என்னால் அச்சிட்டுக்கூடக் காட்ட முடியாது. 'பந்து' என்று தொடங்கினால் ஒரு ஒலி, 'அம்பு' என்று மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் இன்னொரு ஒலி. காதுக்குத் தெரியாமல் வாய்க்கு மட்டும் தெரிந்த வித்தியாசம் என்றால் என்ன என்பதை அண்ணாச்சி உள்ளேயிருந்து அறிந்தவர். சின்ன வயசில் இங்கிலீஷ் வாத்தியாரிடம் அதற்காக அடி வாங்கியிருக்கிறார். உதட்டுக்கு முன்னால் துண்டுத்தாளைப் பிடித்து ஆடுகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையோடு, மாணவர் தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணரச் செய்யும் ஒரு பயிற்சியையும் அவர் வருடக்கணக்கில் செப்பம் செய்து வைத்திருந்தார். கட்டுரையில் இதையெல்லாம் எழுதினார்.

திருத்தி வந்த பிரதியில் பாராட்டு இருந்தது. தமிழ் பற்றிய பத்தியின் ஓரத்தில் மட்டும் 'ஆதாரம்?' என்று ஒரு குறிப்பு. இரவு பதினொரு மணிக்கு போன் செய்தார். "தம்பி, எம்ம வாயில இருக்கதுக்கு ஆதாரம் கேக்கான். தொல்காப்பியத்துல இருக்கா?" தொல்காப்பியம் பிறப்பியலில் பகரமும் மகரமும் உதடு கூடிப் பிறப்பதைச் சொல்கிறது, ஆனால் அவருக்கு வேண்டிய ஒலிப்பு மாற்றம் அங்கே இல்லை. வல்லெழுத்துகள் இடத்தைப் பொறுத்து அதிர்ந்தும் அதிராமலும் மாறும் என்பதைத் திராவிட மொழிகளின் ஒலிவிதியாகவே எழுதிவைத்திருப்பவர் கால்டுவெல், 1856இல். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்துகொண்டு, அண்ணாச்சியின் முப்பாட்டன் தலைமுறை பேசியதைக் காதால் கேட்டு எழுதியது. பதிப்பும் பக்க எண்ணும் கேட்டார். மறுநாள் காலை நூலகத்தில் பார்த்து அனுப்பினேன்.